ஸ்டாண்டுக்கு அடியில் வைத்த கட்டை

கையகலத்தில் ஒரு மரக்கட்டை. ஒரு பக்கம் பள்ளமாகத் தேய்ந்திருக்கும், மறுபக்கம் தார் ஒட்டிக் கறுத்திருக்கும். எங்கள் வீட்டுக்காரர் வேலை பார்த்த சர்க்கார் ஆபீஸில் உடைந்து கிடந்த ஒரு நாற்காலியின் காலில் இருந்து அறுத்தெடுத்தது. மோட்டார் சைக்கிளின் பக்கத்து டப்பாவில், பழைய பனியன் துணியில் சுற்றிக் கிடக்கும். எங்கே போய் வண்டியை நிறுத்தினாலும் அவர் குனிந்து, சைடு ஸ்டாண்டுக்கு அடியில் இந்தக் கட்டையைச் சொருகிவிட்டுத்தான் நிமிர்வார். இல்லாவிட்டால் வண்டி, தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவரைப் போல ஒரேயடியாக இடது பக்கம் சாயும். அந்தக் கட்டையைப் பார்த்தாலே அப்போது எனக்கு எரிச்சலாக வரும்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி டெல்லிக்கு வந்தபோது அவர் ஆபீஸில் தபால் கட்டுகிற வேலையில் இருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் இருந்தவள் இல்லை, எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் என் கைச் சமையலை ஒருத்தர் குறை சொல்ல நான் விட்டது கிடையாது. புசா ரோடு, மந்திர் மார்க் பக்கத்துத் தமிழ் வீடுகளில் வளைகாப்பு என்றாலும் பிறந்தநாள் என்றாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்தால், பெரிய ஆபீசர் வீட்டு அம்மா கூட அடுப்படிக்கு வந்து, "மாமி, எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்பாள். சொல்ல மாட்டேன். குவார்ட்டர்ஸ் வீட்டில் எல்லாவற்றையும் சமைத்து, சூடு ஆறும் முன்னால் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதுதான் எங்கள் வீட்டுக்காரரின் இரண்டாவது உத்தியோகம்.

நாங்கள் வண்டியில் ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. நடு ஸ்டாண்டில் நிறுத்தினால், நான் ஏறிய பிறகு வண்டியைக் கீழே தள்ளி இறக்க அவரால் முடியாது. ஆகையால் சைடு ஸ்டாண்டைப் போட்டு, ஹேண்டிலை அழுத்திப் பிடித்துக்கொள்வார். "ஏளா, பைய ஏறு. அவசரப்படாத" என்பார். நான் கால்மிதியில் காலை வைத்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு, இடது பக்கம் கால் தொங்க உட்காருவேன். அதன்பிறகு வாய் கட்டிய சொதிப் போணியைத் தூக்கி என் மடியில் வைப்பார். அதற்கு மேலே அப்பளக் கூடை. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, டேங்குக்கு மேலே காலைப் போட்டு அவர் ஏறி, வண்டியை நிமிர்த்தி, ஸ்டாண்டை மடக்கி உதைப்பார். இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான். ஒரு கரண்டிச் சொதி கூட நான் வழியில் சிந்தியதில்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

ஒரு தடவை கரோல் பாக்கில் ஒரு வளைகாப்பு வீடு. வாசலில் பெண்கள் எல்லாம் கூடி நிற்கிறார்கள். நான் போணியோடு இறங்கினதும் அவர் வெள்ளைச் சட்டையோடு மண்ணில் முட்டி போட்டு, அந்தக் கட்டையை ஸ்டாண்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஒரு ஸ்டாண்டைச் சரி பண்ணத் துப்பில்ல. ஊரெல்லாம் கட்டையைத் தூக்கிக்கிட்டு அலையுதீங்களே, வெக்கமா இல்ல?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "கட்டைதான் இருக்குல்லா, பின்ன என்ன?" என்றார். கோபம் இல்லை. ஒருவேளை கோபப்பட்டிருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன். எதற்கும் இந்த ஒரே பதில்தான் சொல்வார். கையாலாகாத மனுஷன் என்று பல வருஷம் நான் மனசுக்குள் முடிவு கட்டி வைத்திருந்தேன். அதைச் சொல்லவே இப்போது வாய் கூசுகிறது.

இப்போது நாங்கள் துவாரகாவில் மகன் வீட்டில் இருக்கிறோம். முதல் மாடி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. "ஆங்" என்று ஒரு சத்தம் மட்டும் மிச்சம். காலையில் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால், கீழே தூண் ஓரத்தில் நிற்கிற வண்டியைத் தேடுவார். சாய்ந்து நிற்கிற வண்டி கண்ணில் பட்டதும் முகம் தெளியும். அதைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்து கஞ்சி வாங்குவார். வண்டிக்கு வயசாகிவிட்டது, இனி அதை டெல்லி ரோட்டில் ஓட்டக் கூடாது என்று மகன் சொல்கிறான். ஓட்ட யார் இருக்கிறார்கள்? நின்றால் போதும் எனக்கு.

அப்படி நிற்பதற்கும் வந்தது வினை. போன மாதம் ஒரு புழுதிக்காற்று அடித்ததில் வண்டி சாய்ந்து, பக்கத்தில் நின்ற ஒருத்தர் காரின் மேல் விழுந்தது. நடு ஸ்டாண்டு துருப்பிடித்து ஒடிந்து எத்தனையோ நாளாயிற்று. கட்டையை வைத்தும் நிற்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டியின் செக்ரட்டரி மேலே வந்தார். மரியாதையான மனுஷர், வாசலிலேயே நின்று ஹிந்தியில் பேசினார். "மாதாஜி, ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை நேராக நிற்க வையுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள்." அவர் சொன்னதில் தப்பு இல்லை. மகன் அன்றைக்கே, "கபாடிக்காரனைக் கூப்பிட்டுப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்மா. அப்பாவுக்கு ரெண்டு நாள்ல மறந்துடும்" என்றான். "நீ பெத்த பிள்ளை தொலைஞ்சா ரெண்டு நாள்ல மறப்பியாலே?" என்று கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டான். பாவம், அவன் மேல் எரிந்து விழுந்து என்ன செய்ய.

மார்க்கெட்டில் இருந்து வண்டி ரிப்பேர் பார்க்கிற ஒரு மிஸ்திரியை நானே போய்க் கூட்டிவந்தேன். வண்டி நேராக நிற்க வேண்டும் என்று அரைகுறை ஹிந்தியில் சொன்னேன். நரைத்த தாடி, ஒரு காதில் பீடி. அவர் வண்டியைத் தூணில் சாத்தி வைத்து, ஸ்பிரிங்கைக் கழற்றி, போல்ட்டை உருவி, ஸ்டாண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மாஜி, இது கீழே விழுந்து வளைந்தது இல்லை. இதன் மேல் பாரம் ஏறி ஏறி வளைந்திருக்கிறது. ஸ்டாண்டைப் போட்டுவிட்டு யாரோ மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை."

அவர் இரும்பைத் தடவிக் காட்டினார். "இங்கே பாருங்கள், பழைய வெல்டிங். இங்கே இன்னொன்று. இரண்டு தடவை சரி பண்ணியிருக்கிறார்கள். மறுபடி வளைந்திருக்கிறது. இப்படி உட்காரக் கூடாது என்று எந்த மிஸ்திரியும் சொல்லியிருப்பானே, யாரும் சொல்லவில்லையா?"

எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லியிருப்பார்கள். ஒரு தடவையாவது சொல்லியிருப்பார்கள். அவர் கேட்டுக்கொண்டு வந்து, மறுநாளும் ஸ்டாண்டைப் போட்டு, "ஏளா, பைய ஏறு" என்றிருக்கிறார். வண்டியை நிமிர்த்திப் பிடித்தால் என்னால் ஏற முடியாது, மடியில் போணி ஆடாமல் இருக்காது, இவள் சொதி சிந்தினால் இவள் கர்வம் சிந்திவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. நினைத்தாரா என்று யாரைக் கேட்பது? கட்டிலில் கிடக்கிறவரிடம் போய்க் கேட்டால் "ஆங்" என்பார். அது ஆமாம்தானா இல்லையா என்று எனக்கு இந்த இரண்டு வருஷமாகவே தெரியவில்லை.

மிஸ்திரி ஸ்டாண்டைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சுட்டு நிமிர்த்தி, அடியில் ஒரு தகடு வைத்து ஒட்டி, சாயங்காலம் கொண்டுவந்து மாட்டினார். வண்டி ஜம்மென்று நின்றது. செக்ரட்டரி ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு, "அச்சா, இனி இருக்கட்டும்" என்றார். மிஸ்திரி தரையில் கிடந்த கட்டையை எடுத்து, "இனி இது வேண்டாம்" என்று என் கையில் கொடுத்தார். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

மறுநாள் காலையில் அவரைப் பால்கனியில் உட்கார வைத்தேன். கீழே பார்த்தார். தூணைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், மறுபடி தூணைப் பார்த்தார். என்னைப் பார்த்து இடது கையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டினார். "நம்ம வண்டிதாங்க. ஸ்டாண்டைச் சரி பண்ணியாச்சு. நல்லா பாருங்க, நம்ம நம்பர்தான்" என்றேன். மறுபடியும் கையைச் சாய்த்தார். நேராக நிற்கிற வண்டி அவருக்கு யார் வீட்டு வண்டியோ. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்குக் கஞ்சி உள்ளே போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. மிஸ்திரியைக் கூப்பிட்டுப் பழையபடி வளைத்துக் கொடு என்றா கேட்க முடியும்? செக்ரட்டரி விடுவாரா? எத்தனையோ பேர் வயிற்றை நிறைத்த கைதான், இந்த ஒருத்தர் வாய்க்குள் இரண்டு கரண்டி ஊற்ற முடியாமல் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்று வேறு வழி தெரியாமல் அந்தக் கட்டையைக் கொண்டுபோய் அவருடைய இடது கையில் வைத்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெருவிரலால் அந்தப் பள்ளத்தை வெகுநேரம் தடவினார். நான் கட்டில் ஓரத்தில், எப்போதும்போல அவருடைய இடது பக்கம், கால் தொங்க உட்கார்ந்து கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று உடம்பை முக்கி என் பக்கமாகச் சாய்ந்து, கட்டையைக் கீழே நீட்டினார். "ஆங், ஆங்" என்றார். நான் உட்கார்ந்திருக்கிற பக்கம் இருந்த கட்டில் காலைக் காட்டினார். கை நழுவிக் கட்டை தரையில் விழுந்தது. கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டில் ஆடவே இல்லை. நாலு காலும் நேராகத்தான் நின்றது. இருந்தாலும் மகனைக் கூப்பிட்டுக் கட்டிலைத் தூக்கச் சொல்லி, அந்தக் காலுக்கு அடியில் கட்டையை வைத்தேன். "எதுக்கும்மா?" என்றான். "வைக்கச் சொல்லுதாரு" என்றேன். பிறகு அதே இடத்தில் உட்கார்ந்தேன். அவர் வாயைத் திறந்தார். இப்போது கட்டில் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது, நான் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.