நாலாவது ஜோடி

போன மாதம் வில்லாபுரத்தில் எங்கள் பழைய தெரு முழுக்க மிலிட்டரி மாமாவின் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்தான். சீருடை, மீசை, நெஞ்சு நிறையப் பதக்கம். மலைச் சண்டையில் காலைக் கொடுத்த மாவீரன் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பொய்யில்லை. ஆனால் பத்து வயதில் அந்த மாவீரனின் பிள்ளைகள் மேல் நான் பட்ட பொறாமையை எந்த ஃப்ளெக்ஸிலும் அடிக்க முடியாது.

அவர் எங்களுக்குப் பக்கத்து வீடு. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு ஒரு பேங்கில் காவல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தினமும் காலையில் வாசல்படியில் உட்கார்ந்து மூன்று ஜோடி ஷூவுக்குப் பாலிஷ் போடுவார். ஒன்று அவருடையது, மற்ற இரண்டும் அவருடைய இரண்டு பெண்களுடையவை. இருக்கிற காலின் ஷூவுக்கும் இல்லாத காலின் ஷூவுக்கும் ஒரே மாதிரிதான் தேய்ப்பார். அப்புறம் பெண்களை உட்காரவைத்துத் தன் கையாலேயே லேஸ் கட்டுவார். "கால ஆட்டாத தாயி" என்பார். பெரியவள் என் வகுப்பு. மகாராணி மாதிரி காலை நீட்டிக்கொண்டு, எங்கள் வாசலில் நிற்கிற என்னை ஒரு பார்வை பார்ப்பாள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

அவளே ஒருநாள் சொன்னாள். சண்டை முடிந்து, ஆஸ்பத்திரியெல்லாம் முடிந்து மாமா கட்டைகளை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு மூன்று வயதாம். "இந்த மாமாவப் போகச் சொல்லும்மா" என்று தன் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு அழுதாளாம். மறுநாள் காலையிலிருந்துதான் அவர் இவளுடைய குட்டி ஷூவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாராம். இதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். எனக்கு அதன் மேலும் பொறாமை.

என் அப்பாவுக்குக் கீழமாரட் வீதியில் வெங்காய மண்டி. நான் எழுந்திருக்கும் முன் போய்விடுவார், நான் தூங்கிய பிறகு வருவார். ஞாயிற்றுக்கிழமை கண்ணில் படுவார், அன்றும் பாதி நாள் தூங்குவார். என் ஷூவுக்கு நானே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வேன். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் தெருப் புழுதி அத்தனையும் அதில் அப்பியிருக்கும். பிரேயரில் ஷூ பார்க்கும் லீடர் வேறு யார்? அவளேதான். "மிஸ், இவ இன்னிக்கும் பாலிஷ் போடல" என்று அந்தக் கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரிக் கத்துவாள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை விடிந்ததும் என் ஷூவைக் கொண்டுபோய் அந்த மூன்று ஜோடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடிவந்து, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமா மூன்றையும் முடித்தார். நாலாவதைக் கையில் எடுத்தார். எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். அடேயப்பா, அப்படி ஒரு பளபளப்பு! அன்று பிரேயரில் அவள் குனிந்து பார்த்தாள், வாயை மூடிக்கொண்டு அடுத்தவளிடம் போனாள். சனிக்கிழமை வரை என் ராஜ்ஜியம்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போட்டுக்கொடுத்துவிட்டாள். "ஒங்க மக செய்ற வேலையப் பாருங்க. கால் இல்லாத மனுசன் வாசல்ல ஷூவ வச்சிட்டு வாரா. அவரும் தொடச்சுக் குடுக்காரு."

அப்பா என் ஷூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை.

"எம்புட்டு மின்னுது பாருங்கப்பா. மிலிட்டரி மாமா போட்டது. ஒங்களுக்கெல்லாம் இப்பிடி வராது."

அடி விழும் என்று பயந்தேன். அப்பா ஷூவைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைவீதிப் பக்கம் போனார்.

மறுநாள் நான் எழுந்தபோது அப்பா மண்டிக்குப் போயிருந்தார். ஷூ கதவோரம் இருந்தது. யாரோ பாலிஷை அள்ளி அப்பியிருந்தார்கள். திட்டுத்திட்டாக, விரல் தடம் அப்படியே தெரிய, உள்பக்கமெல்லாம் கறுப்பு. வெங்காய வாடை வேறு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தத் தடவை ஒளிவு மறைவு இல்லாமல் நேராக மாமாவிடமே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"மாமா, இதத் தொடச்சிட்டு நீங்க போட்டுக் குடுங்க. பெல் அடிச்சிரும்."

வாங்கிப் பார்த்தார். "யாரு தாயி போட்டது?"

"அப்பா."

மாமா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். ஷூவை என் காலடியில் ஜோடியாக, நேராக வைத்தார்.

"ஒங்கப்பா போட்டதுக்கு மேல நான் கை வைக்க மாட்டேன். நல்லாத்தான இருக்கு? போட்டுக்கிட்டுப் போ."

"நல்லாவே இல்ல மாமா!"

"மாட்டேன் தாயி."

பெரியவள் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், எனக்குத் தலைக்கேறிவிட்டது. "ஒங்க பிள்ளைகளுக்கு மட்டுந்தான் செய்வீங்க! ஓரவஞ்சன!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். மாமா மகளை அதட்டினாரே தவிர என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று என் வெள்ளை சாக்ஸ் கறுப்பானதற்காகப் பிரேயரில் தனியாக நிறுத்தினார்கள். அப்புறம் ஒரு வருஷம் அந்த வீட்டுப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை. மாமா எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அப்பா விடாமல் தினமும் பாலிஷ் போட்டார். மெல்ல மெல்லக் கை பழகி, திட்டு விழாமல்கூடப் போட்டார். நல்லா இருக்குப்பா என்று ஒருநாள்கூட நான் சொன்னதில்லை.

விடியுமுன் மண்டியில் நிற்க வேண்டிய மனிதர் அதற்காக எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று கேட்கத் தோன்றவில்லை. இந்த உலகத்தில் வயிற்றெரிச்சல் என்பது எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கும் எரியும் என்று எனக்குத் தெரியாது. ஷூவைக் கையில் வாங்கியதுமே பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.