வலிக்கவில்லை என்றால் யார் நம்புகிறார்கள்?

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். என் குட்டி மகள் இப்போதுதான் தூங்கினாள்.

இன்று கண்டி ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மார்பில் இருந்த கட்டியை எடுக்கும் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது.

சாயங்காலம் வார்டுக்குப் போனால், அம்மா பக்கத்துக் கட்டில் அக்காவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல புள்ள."

எனக்கு அழுகை வந்துவிட்டது. புசல்லாவைத் தோட்டத்தில் ஆயுசெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். அட்டை கடித்தாலும், சறுக்கி விழுந்து கை வீங்கினாலும் இதே பதில்தான். மறைக்கிறார் என்று நினைத்து நர்ஸிடம் ஓடினேன். மயக்க மருந்து டாக்டரே வந்துவிட்டார்.

"அம்மா மறைக்கல்ல மகள். ஸ்கேன்ல பார்த்து, நெஞ்சுப் பக்கத்து நரம்புகள் விறைச்சு வலி தெரியாம இருக்க ஊசி போட்டிருக்கோம். நாளைக்கு அது விடும். அதுக்கு முந்தியே வலி மாத்திரையைத் தொடங்கணும், சரியா?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"வலிச்சப்பல்லாம் வலிக்கலன்னேன், நம்புன. இன்னிக்கு நெசமாவே வலிக்கல, டாக்டரக் கூட்டிட்டு வந்துட்ட!"

வார்டே சிரித்தது. நானும்தான். எத்தனை நாளைக்குப் பிறகு!

ஒரே ஒரு சிக்கல். மாத்திரையை நீட்டினால், "வலிக்காத ஒடம்புக்கு எதுக்குடி மாத்திர?" என்கிறார். காலையிலாவது விழுங்க வைக்க வேண்டும். ஊசியின் விறைப்பு விட்ட பிறகு வலித்தாலும் சொல்லமாட்டார்.

இப்படியோர் அம்மா உங்கள் வீட்டிலும் இருப்பாரே, என்ன சொல்லி வழிக்குக் கொண்டுவந்தீர்கள்? விடிவதற்குள் பதில் போடுங்கள்.