காதுக்கருவியை அடுப்பில் வைத்த மதியம்

மழை மாதத்தில் எங்கள் தாமுவே பேட்டை வீடுகளுக்குள் மதியமும் விடிகாலை போலத்தான் இருக்கும். பாதித் தூக்கத்தில் நடமாடுவதுபோல் இருக்கும் எனக்கு. அப்படியொரு மதியத்தில் மனைவியின் காதுக்கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே சிப்பை மூடியிருந்த பசை விரிசல் விட்டு ஈரம் இறங்கியிருந்தது. சுரண்டித் துடைத்து, புது எப்பாக்சிப் பசையை ஒரு சொட்டு வைத்தேன். தானாக இறுக ஒரு நாள் வேண்டும். ஆனால் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் பினாங்கிலிருந்து மகள் கூப்பிடுவாள். அவள் பிள்ளை பெற்று மூன்று நாள்.

"புள்ள அழுவுற சத்தத்த ஒரு தடவ கேட்டாப் போதுங்க," என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள் இவள்.

நானும் பினாங்கில் பதினோரு வருடம் இருந்தவன். சிப்புகளுக்குப் பசை இறுக்குவதுதான் வேலை. அங்கே அதற்கென்றே ஒரு மைக்ரோவேவ் அடுப்பு. தட்டுத் தட்டாக உள்ளே போகும், சில நிமிடத்தில் பசை கல்லாகி வெளியே வரும். அந்த இளஞ்சூட்டு வாசனை இன்னமும் கனவில் வருகிறது. அன்றும் அதே நினைப்பில் மிதந்துகொண்டிருந்தேன்.

"மீ லாபி!" என்று பர்மிய மொழியில் தெருவே கத்தியது. கரண்ட் வந்துவிட்டால் எங்கள் தெரு அப்படித்தான் கூவும். உடனே வீட்டுக்கு வீடு மோட்டார் ஓடும், சோறு வேகும். மறுபடி எப்போது போகுமோ! அந்தக் கூச்சலைக் கேட்டாலே எனக்குக் கை பரபரக்கும். சமையலறை மைக்ரோவேவில் கருவியை வைத்து இரண்டு நிமிடம் திருகிவிட்டேன்.

தொழிற்சாலை அடுப்பில் அலை ஒரே அலைவரிசையில் நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் உலோகம் பொறி விடாது. வீட்டு அடுப்பு அப்படியல்ல. எனக்குத் தெரியாததா? தெரிந்து என்ன பிரயோசனம்!

நீலமாக ஒரு பொறி. பார்க்க அழகாகக்கூட இருந்தது. பிறகு புகை.

வாசனை பிடித்து வந்தவள் கருகியதைப் பார்த்தாள். "பதறாத காரியம் சிதறாதுன்னு எனக்குத்தானே சொல்லுவீங்க," என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அஸருக்குப் பின் போன் வந்தது. திரையில் சிவந்த குட்டி முகம், அகலத் திறந்த வாய். கருவி இல்லாமல் இவளுக்கு எதுவும் கேட்காது. இடது காதில் வாயை ஒட்டிக் கத்தினால் மட்டும் கொஞ்சம் கேட்கும்.

"எப்படிங்க அழுவுது?" என்று என்னைப் பார்த்தாள்.

அறுபது வயதுக்காரன் நான். அவள் காதோடு வாய் வைத்து, வீல் வீலென்று அழுது காட்டினேன். போனில் மகள் சிரித்தாள். இவளும் சிரித்தாள். எனக்குத்தான் அழுகையை நிறுத்த முடியவில்லை.