டீ வந்ததும் நிற்கும் பேச்சு

எங்கள் துறையில் கூட்டம் நடந்தால் டீ கொண்டுபோவது என் வேலை. நான் பத்தாவது படித்தவள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்து, காத்திருந்து, அரசுப் பல்கலைக்கழகத்தில் அலுவலக உதவியாளராகச் சேர்ந்தேன். கடல் உயிரினங்களைப் பற்றிப் படிக்கிற துறை என்பதால் அதை மட்டும் தலைமை வளாகத்தில் வைக்காமல் தூத்துக்குடிக் கடற்கரையில் வைத்திருந்தார்கள். மாடியில் வகுப்புகள், கீழே ஆய்வுக்கூடமும் அலுவலகமும், பின்னால் முத்துச்சிப்பி வளர்க்கிற சிமெண்டுத் தொட்டிகள். தொட்டிகளைத் தாண்டினால் மணல், அப்புறம் கடல். வராந்தாவில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும்.

கூட்ட அறையில் துறைத்தலைவர் உட்காருகிற இடத்தில், மேசைக்கு அடியில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் வராந்தாவின் மறுகோடியில் நான் டீ போடுகிற சின்ன அறையில் மணி அடிக்கும். மணி அடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு போவேன். வராந்தாவில் நடக்கும்போதே குரல்கள் கேட்கும். கதவு மூடியிருப்பதால் சொற்கள் பிடிபடாது, சூடு மட்டும் தெரியும். தோளால் கதவைத் தள்ளி உள்ளே காலை வைத்ததும் எல்லாம் நின்றுவிடும். மின்விசிறிச் சத்தம் கேட்கும். ஒருவர் ஜன்னலைப் பார்ப்பார், ஒருவர் பேனாவுக்கு மூடி போடுவார். நான் ஒவ்வொருவர் முன்னாலும் கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துவேன். அதன் பிறகு உள்ளே துறைத்தலைவரின் குரல் மட்டும், தணிவாக, வேறு எதையோ பேச ஆரம்பிக்கும்.

பேசிப் பேசிக் களைத்துப்போய் டீ கேட்கிறார்கள், டீயைப் பார்த்ததும் கொஞ்சம் ஓய்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். துறைத்தலைவர் பதவி சுழற்சியில் வரும். ஒருவர் போய் இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்காருவார். யார் உட்கார்ந்தாலும் மணி அடிக்கும், நான் போவேன், பேச்சு நிற்கும்.

எனக்கு இயல்பிலேயே பேச்சு குறைவு. கல்யாணம் ஆகவில்லை. மாதா கோயிலுக்குப் பின்தெருவில் அம்மாவும் நானும் இருந்தோம், அம்மா போன பிறகு நான் மட்டும். காலையில் பால்காரரிடம் ஒரு வார்த்தை, பஸ்ஸில் இறங்குகிற இடம் சொல்ல ஒரு வார்த்தை. மற்றபடி என் காதில் மனிதக் குரல் விழுந்ததெல்லாம் அந்தக் கட்டடத்தில்தான். மாணவர்கள் படியில் தடதடவென்று இறங்குவது, பேராசிரியர்கள் வராந்தாவில் போனில் சிரிப்பது, யாரோ யாரையோ திட்டுவது. அவர்கள் என்னிடம் பேச வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. பக்கத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தால் போதும்.

ஒரு நாள் செய்தி வந்தது. கடற்கரைக் கட்டடம் உப்புக்காற்றில் பெயர்கிறது, எல்லாத் துறைகளும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று மேலே ஆட்சிக்குழுவில் முடிவெடுத்துவிட்டார்கள். துறை தலைமை வளாகத்துக்குப் போகிறது. அது உள்ளே, சாத்தான்குளம் போகிற பக்கம், செம்மண் தேரிக்காட்டில் இருந்தது.

ஆழ்வார்திருநகரியிலிருந்து தினமும் வந்துபோகும் ஒரு பேராசிரியை உண்டு. என்னை "ஏளா" என்று கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான், மற்றவர்களுக்கு நான் "அம்மா". அவர் என் அறை வாசலில் நின்றுகொண்டு சொன்னார்: "கேட்டியாளா, மீனைப் பத்தி படிக்க தேரிக்காட்டுக்குப் போறோம். இனி பனைமரத்துலதான் வலை வீசணும்."

சிரிப்பாகத்தான் இருந்தது. நானும் அவர்களோடு போகப் போகிறேன் என்று நினைத்ததால் சிரிக்க முடிந்தது.

போவது என்று மேலே முடிவான பிறகு, எதையெல்லாம் கொண்டுபோவது, எதை இங்கே விடுவது என்பது மட்டும் துறைக் கூட்டத்தின் பொறுப்பாயிற்று. அந்தக் கூட்டத்தன்று குரல்கள் வழக்கத்தைவிட உயர்ந்து கேட்டன. மணி அடித்தது. தட்டோடு போனேன். கதவைத் திறந்தபோது பேராசிரியை பாதி எழுந்த நிலையில், கையை மேசையில் ஊன்றியபடி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கோப்பைகளை வைத்தேன். அவருக்குச் சீனி குறைவு, அதைத் தனியாக வைத்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

சாயந்திரம் அவர் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீ டீ கொண்டு வந்தேல்லா, அதுலதான் எல்லாம் கெட்டுச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டீ நன்றாக இல்லையா என்று கேட்டேன்.

"டீயிலே என்னளா இருக்கு? உன்னையப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தேன். உன் போஸ்ட் இந்தக் கட்டடத்தோட சேந்ததாம். பராமரிப்புக்கு நீ இங்கனயே இருக்கணுமாம். நாங்க எல்லாரும் அங்கன போயிருவோமாம். அதெப்படி சரியாகும்னு கேட்டேன். அந்த நேரம் பாத்து அந்த மனுசன் பெல்ல அமுக்கிட்டாரு."

அப்புறம்தான் அவர் விளக்கினார். அலுவலக ஆட்கள் முன்னால் பேராசிரியர்கள் சண்டை போடக்கூடாது என்பது அந்த அறையில் யாரும் எழுதி வைக்காத வழக்கம். அதனால் பேச்சு முற்றினால் தலைவராக இருப்பவர் மணியை அழுத்துவார். நான் போவேன், எல்லாரும் வாயை மூடுவார்கள். நான் வெளியே வந்ததும் "சரி, அடுத்த விஷயம்" என்று தொடங்கிவிடுவார். நிறுத்தியது நிறுத்தியதுதான், யாரும் திரும்ப எடுப்பதில்லை. ஒரு தலைவர் கண்டுபிடித்தது, அடுத்தடுத்து வந்த எல்லாரும் கற்றுக்கொண்டார்கள்.

"இப்ப இருக்கவரு நல்ல மனுசன்தான். ஆனா சத்தம் கேட்டாலே அவருக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும். போர்க்களத்துல சண்டைய நிறுத்த சங்கு ஊதுத மாதிரி உன் டீ" என்றார். பிறகு, "அடுத்த கூட்டத்துல போன கூட்டத்து மினிட்ஸை உறுதி பண்ணணும்லா, அப்ப மறுபடி கேக்கேன். நீ பாலை மெதுவாக் காய்ச்சு, போ" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அவர் போன பிறகு நான் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் இருந்த மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேருடைய எத்தனையோ நியாயத்தை நான் தட்டோடு போய் நிறுத்தியிருக்கிறேன். அன்று நின்றது என்னுடையது. நான் அங்கே போக வேண்டும் என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது நானே உள்ளே போய் அதை முடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

வாசலில் இருந்த காவலாளி அண்ணாச்சிக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "வெசனப்படாத தங்கச்சி. நீயும் நானும் இருக்கோம்லா. இனி கப்பலும் காக்காயும்தான் நமக்கு புரொபசருங்க" என்றார். அவர் ஒப்பந்த ஆள். எப்போது மாற்றுவார்கள் என்று அவருக்கே தெரியாது.

அடுத்த கூட்டம் வந்தது. பாலை மெதுவாகக் காய்ச்ச எனக்கு வரவில்லை. கை பழக்கத்தில் எல்லாம் முன்கூட்டியே தயாராகிவிட்டது. மணி அடித்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் கால் நின்றுவிட்டது. துணிச்சல் என்று அதைச் சொல்ல மாட்டேன். தட்டு கனத்தது, நான் நின்றேன், அவ்வளவுதான். ஜன்னலில் ஒரு கண்ணாடி பெயர்ந்து போயிருந்ததால் அந்த இடத்தில் பேச்சு தெளிவாகவே கேட்டது. இத்தனை காலம் நான் அங்கே நின்றதே இல்லை.

மூத்த பேராசிரியர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தம்மா போஸ்ட் கட்டடத்தோடது மேடம். அது என்ன பீரோவா, தூக்கிட்டுப் போறதுக்கு?"

"பீரோவைத்தான் லிஸ்ட்ல போட்டிருக்கியளே. கதவு மூடாத பீரோ போவுது, ஆளு போகக்கூடாதாக்கும்."

யாரோ சிரித்தார்கள். எனக்குப் பின்னால், வராந்தாவின் கோடியில், மணி இரண்டாவது தடவை அடித்தது.

"டீ வரட்டும், அப்புறம் பேசுவோம்" என்றார் துறைத்தலைவர்.

"பெல்லை விடுங்க சார். அது வரும்போது வரும்."

"சரி, நான் ஒண்ணு கேக்கேன்" என்றார் மூத்தவர். "தினம் அவ்வளவு தூரம் பஸ்ல வரணும். அந்தம்மாவுக்கு அங்கன வர விருப்பமான்னு யாராச்சும் கேட்டியளா? நீங்க கேட்டியளா?"

உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. நான் இல்லாமலே அந்த அறை அமைதியானதை அன்றுதான் கேட்டேன்.

"கேக்கலை" என்றார் பேராசிரியை.

நாற்காலி நகர்ந்தது. கதவைத் திறந்துகொண்டு துறைத்தலைவரே வெளியே வந்தார். தட்டும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து அவருக்குத்தான் முகம் சிவந்தது.

"இங்கனயாம்மா நிக்கீங்க?"

"இப்பத்தான் வந்தேன் சார்."

அவர் ஒதுங்கி வழி விட்டார். உள்ளே போனேன். வழக்கம்போல ஜன்னலைப் பார்ப்பவர் ஜன்னலைப் பார்த்தார். அந்த அமைதிக்குள் பேராசிரியை பேசினார்.

"ஏளா, நாங்க அங்கன போறோம். நீ வாரியா எங்ககூட?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் அதுவரை நான் வாயைத் திறந்ததே கிடையாது. கோப்பைகள் தட்டில் லேசாக ஆடிச் சத்தம் போட்டன. அந்தச் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். அது நிற்கவில்லை.

"வாரேன்" என்றேன்.

போதாதோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன். "வாரேன் மேடம்."

"எழுதிக்கிடுங்க" என்றார் துறைத்தலைவர், குறிப்பெடுப்பவரிடம். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் கோப்பைகளை வைக்கத் தொடங்கினேன். மூத்த பேராசிரியர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆறிப் போச்சேம்மா" என்றார். "அவகிட்ட கேக்கணும்னு சொன்னது நீங்கதான, குடிங்க" என்றார் பேராசிரியை. அவரும் சிரித்துக்கொண்டே குடித்தார்.

தீர்மானம் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனது. நான் மதியச் சாப்பாட்டுக்குப் புதிதாக ஒரு தூக்குவாளி வாங்கி வீட்டில் வைத்திருந்தேன். தூரப் பயணத்தில் குழம்பு சிந்தக்கூடாது என்று திருகுமூடி போட்டது.

பதில் வந்த அன்று துறைத்தலைவர் மணியை அழுத்தவில்லை. வராந்தா முழுக்க நடந்து என் அறைக்கே வந்தார். உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றார்.

"பணியிடம் இந்த வளாகத்துக்குத்தான் உருவாக்கினதுன்னு சொல்லுதாங்கம்மா. கட்டடத்தை என்ன செய்யிறதுன்னு முடிவாகுத வரைக்கும் நீங்க இங்க இருக்கணும். மறுபடியும் எழுதிப் பாத்தேன். அதேதான் சொல்லுதாங்க."

"சரி சார்."

"நீங்க அன்னைக்கு வாரேன்னு சொன்னதையும் எழுதினேன்."

அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். சரி என்று அங்கேயே நின்று குடித்தார். கூச்சப்படுகிறவர்களை எனக்குப் பார்த்தாலே தெரியும். அவரும் அந்தச் சாதிதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

லாரி வந்தது. நுண்ணோக்கிகளைப் பழைய போர்வைகளில் சுற்றினார்கள். கதவு மூடாத பீரோவைக் கயிற்றால் கட்டி ஏற்றினார்கள். தொட்டிகளைத் தூக்க முடியாது. அதிலிருந்த சிப்பிகளை மாணவர்கள் கூடைகளில் எடுத்துப் படகில் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். பேராசிரியை புறப்படும்போது என் தோளைத் தட்டி, "போன் பண்ணுதேன், எடுத்துப் பேசு" என்றார்.

இப்போது காலையில் கதவுகளைத் திறக்கிறேன், பெருக்குகிறேன், சாயந்திரம் பூட்டுகிறேன். அண்ணாச்சியை மாற்றிவிட்டார்கள். வாசலில் அடிக்கடி ஆள் மாறுகிறது, பெயர் கேட்டுப் பழகுவதற்குள் வேறொருவர் வந்துவிடுகிறார். சில நாள் காலையில் பால்காரரிடம் பேசியதற்குப் பிறகு என் குரலை நான் கேட்பதே இல்லை.

பேராசிரியை சொன்னபடியே ஒரு நாள் போன் செய்தார். "இங்கன பெல்லும் கிடையாது, டீ கொண்டு வர ஆளும் கிடையாது. கேன்டீனுக்குப் போய் நாமதான் குடிக்கணும். நேத்து ஆரம்பிச்ச சண்டையை இன்னைக்கும் போடுதாங்க. பாவம் ஹெச்ஓடி, மேசைக்கு அடியில கையை விட்டுத் தடவிக்கிட்டே இருக்காரு." நான் சிரித்தேன். காலி வராந்தாவில் என் சிரிப்பு எனக்கே யாரோ சிரித்ததுபோல இருந்தது. அதற்குப் பிறகு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

போன வாரம் கூட்ட அறையைப் பெருக்கிவிட்டு, துறைத்தலைவர் இடத்தில் கிடந்த பழைய நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்தேன். மேசைக்கு அடியில் கையை விட்டேன். பொத்தான் இருந்தது. அழுத்தினேன்.

என் அறையில் அந்த மணி தூக்கிவாரிப் போடுகிற மாதிரி அடிக்கும். இங்கிருந்து கேட்டால், எங்கோ ஒரு சைக்கிள் மணி போல அவ்வளவு சின்னதாக இருந்தது. கடல் சத்தத்தில் பாதி கரைந்துபோனது. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன். பழக்கத்தில் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எழுந்து, டீ போட நானே போனேன்.