செவ்வரளிச் சட்டியில் கிடைத்த பதில்

முருகனை நம்பும் உங்களிடம் என் வெட்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

பெரிய யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆடி மாதம். பதுளைக் கடைவீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேலே மாடியில் குடியிருந்தோம். தலைப்பேற்றுக்கு வந்திருந்த மகள் செல்லத்துக்கு நிறைமாதம். அப்போது என் மனைவி மீனாட்சி எலும்பெல்லாம் நோகும் காய்ச்சலில் விழுந்தாள். கடைக்குப் பின்னாலிருந்த கீழ்வீட்டில் ஏற்கெனவே இருவர் படுத்திருந்தார்கள். செல்லத்துக்கும் வந்தால் தாயும் பிள்ளையும் தப்புவது கடினம் என்றார் டாக்டர்.

நுளம்புக் கடிதான் காரணம் என்று எனக்குத் தெரியும். சுகாதாரக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நமுனுகுல தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் தண்ணீர்ப் பீப்பாய்களைக் கவிழ்த்து எத்தனை பேர்மீது வழக்கு எழுதியிருப்பேன்! வீட்டில் தொட்டியை மூடினேன். கூரைப் பீலியைச் சுரண்டினேன். சாக்கடைக் கானில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். கீழ்வீட்டாருக்கு மூன்று கடிதம் எழுதினேன். பட்டப்பகலிலும் நுளம்பு பாடியது. உட்கார முடியவில்லை. மூடியதையே திறந்து திறந்து பார்த்தேன்.

செல்லத்தின் பேற்றுக்காக ஒரு மண்டலம் முருகனுக்குப் பூ வைப்பதாக நேர்ந்திருந்தேன். பூசையறையில் வாயகன்ற மண்சட்டி. நீரில் தினமும் செவ்வரளி. நீர் குறைந்தால் விடுவேன், கொட்டமாட்டேன். கொட்டினால் நேர்த்தி கெடும் என்பது நானே போட்ட சட்டம். அதன் முன்னே நின்று வேண்டினேன். முதலில் கந்தோர் விண்ணப்பம் போலத்தான் வந்தது. பிறகு வார்த்தை உடைந்தது. "அப்பனே, எங்கே இருக்கிறதென்று காட்டு" என்று அழுதேன்.

மறுநாள் காலை மீனாட்சி பூசையறை வாசலில் மயங்கி விழுந்தாள். என்னால் தூக்க முடியவில்லை. கூவினேன். தினமும் பின்படியில் கக்கூஸ் வாளி எடுக்க வரும் வீராயி ஓடி வந்தாள். அந்தப் படியைத் தாண்ட அவளை நான் ஒருநாளும் விட்டதில்லை. மீனாட்சியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உள்ளே பார்த்தாள்.

"ஐயா, அந்தச் சட்டியில புழு நெளியுதுங்க."

"சாமி சட்டி! தொடாதே!"

"தொடலைங்க, கண்ணுதான் பாக்குது. எங்க லயத்துப் பீப்பாயின்னா இந்நேரம் கவுத்து எழுதியிருப்பீங்க."

"கொட்டினால் நேர்த்தி கெட்டுப்போகும், வீராயி."

"ஏங்க, புதுத் தண்ணின்னா சாமிக்குக் கசக்குமா?"

செவ்வரளியை விலக்கினேன். நீர் முழுக்க நுளம்புப் புழு துள்ளியது. சட்டியை வெயில் காய்ந்த கல்லில் கவிழ்த்துவிட்டு அங்கேயே விழுந்து கும்பிட்டேன். கேட்டதைக் காட்டிவிட்டான்.

அதன்பின் வீட்டில் யாருக்கும் புதிதாகக் காய்ச்சல் வரவில்லை. மீனாட்சி தேறி எழுந்தாள். ஆவணி முதல் வெள்ளியன்று செல்லம் சுகமாகப் பெண் குழந்தை பெற்றாள்.

இப்போது தினமும் நீரை மாற்றுகிறேன். வீராயி முன்படியால் வருகிறாள். வந்ததும் முதலில் சட்டியைத்தான் எட்டிப் பார்க்கிறாள். எனக்கு மேலதிகாரி கிடைத்திருக்கிறாள்.

நீங்களும் கேளுங்கள். அவன் காட்டுவான். யார் வாயால் காட்ட வேண்டும் என்று மட்டும் அவனுக்குச் சட்டம் போடாதீர்கள்.