ஒரு மாத்திரைகூட விடாதவள்

தென்னாப்பிரிக்காவின் எஷோவே ஊரில், டாக்ஸி ஸ்டாண்டில் சுட்ட சோளம் விற்கும் தொபெகிலேயிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. எச்.ஐ.வி. என்று தெரிந்து பதினோரு வருடம் ஆகிறது. மாத்திரையை ஒரு நாள்கூட விட்டவள் அல்ல. அப்படியிருந்தும் முதல் மருந்து தோற்றது, இரண்டாவதும் தோற்றது. அவள் உடம்பிலிருந்த வைரஸ் எந்தெந்த மருந்துக்கு மசியாது என்று ஆய்வகம் அனுப்பிய பட்டியல் நீளமாக இருந்தது. மிச்சமிருந்தவற்றைப் பொறுக்கிச் சேர்த்து டாக்டர் ஒரு கூட்டு மருந்து எழுதினார். அதுவும் கைவிட்டால் கொடுக்க வேறில்லை. பழையது ஏன் தோற்றது என்று காரணம் சொன்னால்தான் நகரத்திலிருக்கும் மருத்துவர் குழு அதற்கு அனுமதி தரும்.

கிளினிக்கில் நர்ஸ் சிபூயிலே மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து எண்ணினாள். சரியாக இருந்தது.

"நெசத்தச் சொல்லு. எண்ணிக்கைக்காகக் குப்பையில போடுறியா?"

"சத்தியமா இல்ல சிஸ்டர். காலையில அஞ்சு மணிக்கு முழுங்கிருவேன். அப்புறம்தான் வாளிய எடுப்பேன்."

"எந்த வாளிய?"

தொபெகிலேக்கு எரிச்சல் வந்தது. வேர் ஊறிய வெந்நீரை வயிறு முட்டக் குடித்து, வாந்தியெடுத்து, பொறாமைக்காரர்கள் ஏவிய சூனியத்தை வெளியே தள்ளுவது ஊரில் பாதிப் பேர் செய்வதுதான். கடை போட்ட நாளிலிருந்து அவள் வாரத்தில் நாலு நாள் செய்கிறாள்.

சிபூயிலே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அடிப்பாவி. முழுங்கின கையோட கொட்டியிருக்கியே."

தொபெகிலேக்கு அப்போதுதான் உறைத்தது. தன் உயிரைத் தானே வாளியில் கொட்டியிருக்கிறாள்.

"இத எழுதினா, நீ புதுசையும் கொட்டிருவேன்னு குழு நெனைக்கும், மருந்து தராது. அப்பப்ப மறந்துட்டான்னு எழுதவா?"

"நான் எங்க மறந்தேன்? நடந்தத எழுது."

"அப்ப வாந்தியெடுக்கிறத விட்டுரு."

"விட மாட்டேன். மாத்திரையையும் விட மாட்டேன். நேரத்த மாத்திக் குடு."

டாக்டர் மாற்றிக் கொடுத்தார். காலை வாந்திக்கு வேர் கூடாது, வெறும் வெந்நீர்தான். மருந்து சாயங்காலம், வயிறு நிறையச் சோளக்களியும் பீன்ஸும் சாப்பிட்ட பிறகு. முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டாள். குழு இரண்டு மாதம் இழுத்தடித்துச் சம்மதித்தது. மருந்து தொடங்கி ஆறு மாதத்தில், பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்கு வைரஸ் அடங்கியது.

அந்த முடிவை வாங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தின் நடுவில் போய் நின்றாள்.

"மாத்திரை போட்டுட்டு வாந்தியெடுக்கிறவங்க யாரு? கூச்சப்படாதீங்க. நானும் எடுத்தேன். சாகப் பார்த்தேன்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவள் நகரவில்லை. தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினார். அப்புறம் பள்ளிச் சீருடையில் ஒரு பெண். சிபூயிலே நோட்டை எடுத்து வருவதற்குள் ஒன்பது கைகள் மேலே இருந்தன.