இரண்டாவது சன்னலுக்குக் கீழே

குடும்ப வரலாறு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டவர்களும், அந்த வரலாறு கிடந்த இடத்தை ஜேசிபி வைத்து இடித்தவர்களும் ஒரே ஆட்கள். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு மேற்கொண்டு எழுத வராது.

எங்கள் ஊர் பொங்கலூருக்கு அந்தப் பக்கம். நான் இப்போது இருப்பது வேலம்பாளையத்தில். பனியன் கம்பெனியில் செக்கிங் செக்ஷனில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எதுவாக இருந்தாலும் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. என் கண்ணுக்குத் தப்பாது என்று லைனில் எனக்கு ஒரு பேர் உண்டு. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். எண்பது தாண்டிவிட்டது. பார்வை மங்கிவிட்டது. தெருமுனையிலேயே கோவில் இருந்தாலும், பூசைக்கு ஊர்க் கோவிலுக்குத்தான் போக வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் என்னைப் பேருந்து ஏற வைப்பாள். அதற்காக எத்தனையோ முறை அவளிடம் எரிந்து விழுந்திருக்கிறேன்.

ஊரில் இருந்தது ஓடு வேய்ந்த பழைய மாதா கோவில். கருங்கல் சுவர், மழை பெய்தால் பீடத்துக்குப் பக்கத்திலேயே ஒழுகும். நான்கு வருடத்துக்கு முன் அதை இடித்தார்கள். இப்போது கோபுரமும் கண்ணாடியுமாக மூன்று மடங்கு பெரிய கோவில் நிற்கிறது. சுற்றிலும் பேவர் பிளாக் பதித்து கார் நிறுத்த இடம் விட்டிருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். பழைய குடும்பங்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு பக்கம் குடும்ப வரலாறு எழுதித் தர வேண்டும் என்று கமிட்டித் தலைவர் பூசை முடிந்ததும் மைக்கில் சொன்னார்.

எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பங்குச் சாமியார் பங்களாவில் போய் உட்கார்ந்தேன். பதிவேடுகள் இரும்பு பீரோவில் இருந்தன. கோவிலை இடித்தபோது அவற்றை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். அப்பாவின் ஞானஸ்நானம் கிடைத்தது. அப்பாவின் அப்பாவுடையதும் கிடைத்தது. தொழில் என்ற இடத்தில் இருவருக்கும் 'கூலி' என்று ஒரே மாதிரி எழுதியிருந்தது. அம்மா அப்பா கல்யாணமும் இருந்தது. அடுத்து எங்கள் அண்ணனின் ஞானஸ்நானம். நடுவில் ஐந்து வருடம் எதுவும் இல்லை. கல்யாணம் ஆன வருடமே வயிற்றைப் பார்க்கிற ஊரில் ஐந்து வருடமா என்று எனக்குத் தட்டியது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஏதாவது வேண்டுதல் வைத்து அண்ணனைப் பெற்றாயா என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவள் கையை நிறுத்தவில்லை.

"அதுக்கு முந்தி ஒண்ணு இருந்துச்சு கண்ணு. பொட்டப்புள்ள."

எனக்கு ஒரு அக்கா இருந்திருக்கிறாள். ஐம்பத்தைந்து வயதில் அதைத் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு அவள் சொன்னது இவ்வளவுதான். குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. பிரசவம் பார்த்தவர் தறி நெய்கிற வீட்டு அம்மா ஒருவர், முருகன் பக்தர், ஊரில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு எடுத்துவிட்ட கை. பிள்ளை நிற்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்பா ஞானஸ்நானம் கொடுக்க உபதேசியாரைக் கூட்டி வர ஓடினார். சாமியார் மாதத்துக்கு ஒரு முறைதான் ஊருக்கு வருவார், மற்ற நாட்களில் ஜெபம் சொல்வது முதல் அடக்கம் வரை உபதேசியார்தான் எல்லாம். பிள்ளைக்கு மூச்சு திணறியது. அம்மாவால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. படுத்தபடியே அந்த அம்மாவிடம், தண்ணியை எடுத்து நெற்றியில் ஊற்றுங்கள், நான் சொல்கிறதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவரும் மறுக்காமல், பிதா சுதன் இஸ்பிரித்து சாந்து என்று அம்மா சொல்லச் சொல்லத் திக்கித் திக்கிச் சொல்லி மூன்று முறை ஊற்றியிருக்கிறார். உபதேசியார் வந்து சேர்ந்தபோது பிள்ளை போய்விட்டிருந்தது.

யார் ஊற்றியது என்று அவர் கேட்டார். சொன்னார்கள்.

"முருகனைக் கும்பிடற கை ஊத்துனது செல்லாது. இது கல்லறைக்குள்ள வராது."

செல்லாதாம். என் லைனில் பீஸைத் திருப்பி அனுப்புகிற மாதிரி ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பினார். புத்தகத்தில் பெயர் ஏறவில்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைகளைக் கோவில் பின்சுவரை ஒட்டி வெளியே புதைப்பது அந்தக் காலத்து வழக்கம். அப்பா தனியாகத் தூக்கிப்போய் இரண்டாவது சன்னலுக்குக் கீழே புதைத்துவிட்டு, கடப்பாரை நுனியால் சுவர்க் கல்லில் சின்னதாக ஒரு சிலுவை கீறிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. பூசைக்கு வருகிறவர்கள் எல்லாம் முன்வாசலில் செருப்பை விடுவார்கள். அம்மா மட்டும் சுற்றிக்கொண்டு போய்ப் பின்சுவர் ஓரமாக விட்டுவிட்டு வருவாள். பூசை முடிந்து செருப்பெடுக்கப் போனால் திரும்பி வரப் பத்து நிமிடமாகும். உன் செருப்பை எந்த மகாராசன் தூக்கிக்கொண்டு போகப் போகிறான் என்று நானும் அண்ணனும் கேலி செய்வோம். அப்பா மட்டும் சிரித்ததே இல்லை.

கோபம் உபதேசியார் மேல் வந்தது. அவர் செத்து நாற்பது வருடமாயிற்று. இருந்திருந்தால் வாசலில் போய் நின்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருப்பேன். அடுத்து, இப்போது இல்லாத அப்பா மேல் வந்தது. ஊர்ப் பஞ்சாயத்தில் எல்லாம் வாய் கிழியப் பேசுகிறவர், அன்றைக்கு ஏன் வாயை மூடிக்கொண்டு மண்வெட்டியைத் தூக்கினார்? சாமியார் அடுத்த மாதம் வந்தாரே, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

இப்போதைய சாமியார் சின்ன வயது, தெற்கத்திக்காரர், வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"உயிர் போற நேரத்துல யார் வேணாலும் கொடுக்கலாம்மா. கிறிஸ்தவங்களா இருக்கணும்னுகூட இல்ல. தண்ணி ஊத்தி, அந்த வார்த்தையச் சொல்லி, திருச்சபை நினைக்கிறதச் செய்யணும்னு நினைச்சிருந்தா போதும். அப்பவும் இதுதான் சட்டம்."

அப்பவும் இதுதான் சட்டம். எந்தச் சட்டமும் அந்தப் பிள்ளையை வெளியே தள்ளவில்லை. சட்டம் தெரியாத ஒருவர் தள்ளினார், தெரிந்தவரிடம் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. ஒரு பெண் அறுபது வருடம் சுவரோரம் நின்றுவிட்டு வந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

இனி என் பங்கு. கோவிலை இடிக்க எல்லாக் குடும்பத்திடமும் சம்மதக் கையெழுத்து வாங்கினார்கள். எங்கள் வீட்டுக்குப் படிவம் வந்த அன்று நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா கட்டிலில் இருந்தபடி, "பின்பக்கத்துச் செவுத்த மட்டும் உட்டுருவாங்களா கண்ணு?" என்று கேட்டாள். ஒரு சுவரை மட்டும் விட்டுவிட்டு எப்படிம்மா கோவில் கட்டுவார்கள் என்று சிரித்தேன். ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. என் கையெழுத்தைப் போட்டேன். அவளை எழுப்பி உட்கார வைக்க நேரமில்லாததால் அவள் கையெழுத்தையும் நானே போட்டேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று லைனில் பேர்.

சுவர் நின்ற இடத்தையாவது கண்டுபிடிக்கலாம் என்று அலைந்தேன். கல்யாணப் போட்டோ, திருவிழா போட்டோ, இடிக்கும்போது ஆளாளுக்கு எடுத்த வீடியோ, எல்லாம் வாங்கிப் பார்த்தேன். அத்தனையும் முன்பக்கம். பின்பக்கத்தை ஒருவரும் எடுக்கவில்லை. கமிட்டித் தலைவரிடம் போனேன். சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறவர், நல்ல மனுசர், காபி கொடுத்தார். புதுக் கோவில் அகலம் என்பதால் பின்பக்கம் பூராவும் ஆள் ஆழத்துக்குத் தோண்டினார்கள் என்றார். மண்ணை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நல்ல செம்மண்ணுங்க. வீணாக்கலீங்க. நம்ம கம்பெனி ஷெட்டுக்கு மேடு ரொப்ப டிப்பர்ல கொண்டுபோயிட்டமுங்க."

அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். மலருக்கு ஒரு பக்கம் எழுதத்தான் செய்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். விழா மலர் பாருங்க, கொஞ்சம் மங்களமா எழுதிக் குடுங்க என்று அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சாமியார் ஒரு காரியம் செய்தார். பிள்ளையைப் பதிவேட்டில் ஏற்றுகிறேன், மேலே பேசி ஒப்புதலும் வாங்கிவிட்டேன், அம்மாவை அழைத்து வாருங்கள் என்றார். போன ஞாயிறு பூசைக்குப் பிறகு கூட்டிப்போனேன். பிறந்த நாள், தண்ணி ஊற்றியவர் பெயர், பிள்ளைக்கு வைக்க நினைத்திருந்த பெயர் என்று எல்லாவற்றையும் அம்மா தடுமாறாமல் சொன்னாள். அவர் எழுதி முடித்து, அவள் விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்தார். அவள் தடவிப் பார்த்தாள்.

"எழுதுனது சரீங்க சாமி. புள்ள எங்க இருக்குதுன்னு மட்டும் காட்டிருங்க. கோயலு பெருசானதுல எனக்கு எடம் புடிபடலீங்க."

அவர் என்னைப் பார்த்தார். டிப்பர் விஷயம் அவருக்குத் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். நான் காட்டுகிறேன் என்று சொல்லி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பின்பக்கம் முழுக்கக் காராக நின்றது. நல்ல வெயில், பேவர் கல் செருப்பையும் தாண்டிச் சுட்டது. எந்தக் கல்லைக் காட்டினாலும் பொய்தான். அவளால் சுடுகிற கல்லில் உட்கார முடியாதே என்று ஒரு ஓரத்தில் வேப்பமரத்து நிழல் விழுந்த இடமாகப் பார்த்து நிறுத்தினேன்.

"இங்கதாம்மா."

"நல்லாத் தெரியுமா கண்ணு?"

"தெரியும்மா. போட்டோவ வெச்சுப் பாத்தேன்."

அம்மா என் கையை விட்டுவிட்டு மெதுவாகக் குனிந்து தரையில் உட்கார்ந்தாள். பின்னால் காரை எடுக்க ஒருவர் ஹாரன் அடித்தார். நான் நகரவில்லை. அவள் உள்ளங்கையைக் கல்லின் மேல் விரித்து வைத்தாள்.

"நெழல்லதான் இருக்குது புள்ள" என்றாள்.